தறிக்காரங்க காது

காஞ்சிபுரம்னு சொன்னதும் வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வர்றது மூணு. பட்டுப் புடவை, கோயில், குடலை இட்லி. மூணுமே கண்ணுக்கும் நாக்குக்கும் ஆன சமாச்சாரம். இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு, அதை யாரும் சொல்றது இல்லை. அது காது. பாட்டு, கூத்து, மேடைப் பேச்சு, சினிமா வசனம், ரேடியோன்னு நூறு வருஷமா காது குளிரக் கேட்ட ஊர் இது. ஏன் அப்படின்னு யோசிச்சுப் பார்த்தா, காரணம் தறியிலதான் இருக்கு.

எனக்குத் தொழில் நெல்லும் வேர்க்கடலையும். ஆனா எங்க ஊர்ல ஒரு காலத்துல பாதித் தெரு தறிதான். எங்க அக்காவைக் கொடுத்ததும் பிள்ளையார்பாளையத்துல ஒரு நெசவாளி வீட்டுலதான். அதனால ஏர் ஓட்டின நேரம் போக மிச்ச நேரம் தறிமேடை ஓரமா உட்கார்ந்து வளர்ந்தவன் நான்.

தறி பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். குழித்தறின்னா தரையில ஒரு குழி. அதுல காலைத் தொங்கப் போட்டுத்தான் நெசவாளி உட்காரணும். கால் ரெண்டும் மிதியில. ஒரு கை நாடாவைத் தள்ளும், இன்னொரு கை பலகையை இழுத்து அடிக்கும். கண் பாவு மேலயே இருக்கணும். ஒரு இழை அறுந்தாலும் அப்பவே பார்த்து முடிச்சுப் போடணும். உடல் ஒரு கலர், கரை வேற கலர்னா மூணு நாடா ஓடும். அதுக்குக் கோர்வைன்னு பேரு. கரை நாடாவைக் கவனிச்சுக்கப் பக்கத்துல இன்னொரு ஆள் வேணும். இப்படி ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், வேலைப்பாடு கூடுதலா இருந்தா ஒரு மாசமும் ஆகும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. கைக்கு வேலை, காலுக்கு வேலை, கண்ணுக்கு வேலை. வாயைக் கூட அதிகமா திறக்க முடியாது, எண்ணிக்கை விட்டுப் போகும். சும்மா இருக்கிறது காது ஒண்ணுதான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் சும்மா கிடக்கிற காது! அதுக்கு யாராவது தீனி போட்டுத்தானே ஆகணும்?

முதல்ல தீனி போட்டது கூத்து. வெயில் காலம் வந்தா எங்க பக்கத்து திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதம் வைப்பாங்க. பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து. கடைசி நாள் துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. மரத்துல செஞ்ச கிரீடமும் தோள்கட்டையும் கட்டிக்கிட்டு ஆடுறதால இதைக் கட்டைக்கூத்துன்னு சொல்றது. விடிய விடியக் கேட்டுட்டு வந்தவங்க அடுத்த நாள் தறியில உட்கார்ந்து அதே விருத்தத்தை முணுமுணுப்பாங்க. நாங்க ஏத்தம் இறைக்கும்போது, நாத்து நடும்போது அதே கதைதான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல புஞ்சரசந்தாங்கல்னு ஒரு கிராமம் இருக்கு. 1990-ல ஆரம்பிச்ச கட்டைக்கூத்துச் சங்கம் அங்கதான் இயங்குது. பிள்ளைங்களுக்குப் படிப்போட கூத்தையும் சேர்த்துக் கத்துக்கொடுத்த குருகுலமும் பல வருஷம் அங்க நடந்தது.

சங்கீதத்துலயும் நம்ம ஊர் சளைச்சது இல்லை. காஞ்சிபுரம் நாயனா பிள்ளைன்னு ஒரு பாடகர், 1889-ல பிறந்து 1934-ல காலமானவர். தாளக் கணக்குல புலி. வயலின், மிருதங்கம் மட்டும் போதாதுன்னு கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல்னு ஒரு பட்டாளத்தையே உட்கார வெச்சுக்கிட்டுப் பாடுவாராம். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரின்னே அதுக்குப் பேரு. கோர்ட்டுல ஜட்ஜுங்க வரிசையா உட்கார்ந்த மாதிரி! விடிஞ்சா எழுந்தா டக்கு டக்குன்னு தறிச் சத்தம் கேட்கிற ஊர்ல தாளப் புலி பிறக்கிறதுல என்ன அதிசயம்னு நான் தமாஷாச் சொல்றது உண்டு. அவரோட அம்மாவின் சகோதரி தனகோடி அம்மாள், கிராமபோன் வந்த புதுசுலயே பாடி இசைத்தட்டு கொடுத்தவங்க. நாயனா பிள்ளையோ தட்டுல பாட இஷ்டம் இல்லாத ஆளு. அதனால ஒரே குடும்பத்துல பெரியம்மா சின்னம்மா வகையில இருந்தவங்க குரல் தட்டுல தங்கிச்சு, தாளப் புலியோட குரல் காத்தோட போச்சு.

அந்த நாயனா பிள்ளை பாட்டைச் சின்ன வயசுல ஓடிப்போய்க் கேட்டவங்கள்ல ஒருத்தர்தான் டி.கே. பட்டம்மாள். 1919-ல பிறந்தவங்க. அவங்க பேர்ல இருக்கிற 'டி' என்னன்னு பல பேருக்குத் தெரியாது. அது தாமல். பெங்களூர் ரோட்டுல காஞ்சிபுரம் தாண்டிப் போனா ஒரு பெரிய ஏரி வருமே, அந்தத் தாமல்தான். எங்க பக்கத்து விவசாயிங்களுக்குத் தாமல்னா மதகு, மீன், தண்ணித் தகராறு. மெட்ராஸ் சங்கீத சபாக்காரங்களுக்குத் தாமல்னா பல்லவி! 1947-ல வந்த 'நாம் இருவர்' படத்துல பாரதியார் பாட்டை அவங்க பாடினப்புறம் பட்டிதொட்டி எல்லாம் அந்தக் குரல் போயிடுச்சு. சபாவுக்குள்ள போக வழி இல்லாதவங்களும் காசு கொடுக்காம கேட்டாங்க.

அடுத்ததாக் காதுக்குத் தீனி போட்டது அரசியல். அதுக்குப் பெரிய சமையல்காரரும் நம்ம ஊர்தான். அண்ணா 1909 செப்டம்பர் 15-ல நெசவுச் சமூகத்துக் குடும்பத்துல காஞ்சிபுரத்துல பிறந்தார். நகராட்சியில கொஞ்ச நாள் கிளார்க்கா இருந்திருக்கார். 1942-ல 'திராவிட நாடு' பத்திரிகையை இங்கிருந்துதான் ஆரம்பிச்சார்.

பத்திரிகையைக் கண்ணால படிக்கணும், தறிக்காரங்களுக்கு ஏது கண்ணுன்னு கேட்பீங்க. எங்க அக்கா மாமனார் சொல்வார். தறிக்கூடத்துக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் வருவானாம். திண்ணையில உட்கார்ந்து பத்திரிகையைச் சத்தமாப் படிப்பான். உள்ள நாலு தறி ஓடும். ஒருத்தன் படிச்சா பத்து பேர் காதுல விழும். பையனுக்குக் கூலி ஒரு டீ, ஒரு பொறை. நல்ல வரி வந்தா பலகையை ரெண்டு தடவை சேர்த்து அடிப்பாங்களாம். அதுதான் கைதட்டல், கை சும்மா இல்லையே!

அண்ணா எழுத்துல ஒரு ஓசை இருந்தது. அடுக்கடுக்கா வரும். காதுல விழுந்தா ஒட்டிக்கும். கேட்கிறதுக்குன்னே எழுதின எழுத்து அது. மேடை, பத்திரிகை, நாடகம், சினிமா நாலுலயும் அதே ஓசைதான். அவர் எழுதின 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்துல நடிச்ச வி.சி. கணேசனைத்தான் பெரியார் சிவாஜி கணேசன் ஆக்கினார். அப்போ நடிகர் திலகத்தோட பேருலயும் நம்ம ஊருக்குக் கால்பங்கு பாத்தியதை உண்டு. 1949-ல 'வேலைக்காரி', 'நல்லதம்பி' ரெண்டு படமும் அண்ணா எழுத்துல வந்தது. 1952 தீபாவளிக்குக் கலைஞர் வசனத்துல 'பராசக்தி' வந்துச்சு. அதுக்கப்புறம் ஊர் ஊரா கோர்ட் சீன் வசனத்தை ஒப்பிக்காத இளவட்டம் இல்லை. பள்ளிக்கூடத்துல பத்து வரி மனப்பாடச் செய்யுளுக்குத் திக்கினவன், சினிமா வசனத்தைப் பத்து நிமிஷம் மூச்சு விடாமச் சொன்னான்னு வாத்தியாருங்க தலையில அடிச்சுக்கிட்ட காலம்.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. 1957-ல காஞ்சிபுரத்துல நின்னு ஜெயிச்ச அண்ணா, 1962-ல இதே காஞ்சிபுரத்துல தோத்துப் போனார். ஜெயிச்சது காங்கிரஸ்ல நின்ன பஸ் முதலாளி. நம்ம ஜனங்க காதை ஒருத்தருக்குக் கொடுத்தாங்க, ஓட்டை வேற ஒருத்தருக்குப் போட்டாங்க. கூட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போடுற இந்தக் காலத்து நடிகர் கட்சிக்காரங்க எல்லாரும் இதை எழுதி வீட்டுல மாட்டி வெச்சுக்கலாம். ஆனா அஞ்சே வருஷத்துல, 1967-ல, அதே அண்ணா முதலமைச்சர். சினிமாவுக்குக் கதை வசனம் எழுதினவர் கோட்டையில உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

இனிமேதான் ராஜா வர்றார். ரேடியோ. படிக்கிற பையனுக்கு டீ வாங்கிக் கொடுக்கிற செலவு மிச்சம்.

1952-ல டெல்லியில பி.வி. கேஸ்கர்னு ஒரு தகவல் ஒலிபரப்பு மந்திரி வந்தார். சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்குதுன்னு நினைச்சு, ஆல் இந்தியா ரேடியோவுல அதைக் குறைச்சுட்டார். நல்ல சங்கீதத்தைக் கேளுங்கப்பான்னு அவர் எண்ணம். ஜனங்க என்ன பண்ணாங்க? முள்ளைத் திருப்பி இலங்கைக்குப் போயிட்டாங்க. வாய்க்கால்ல அடைப்பு போட்டா தண்ணி பக்கத்து வயல்ல பாயும், இது தெரியாம மந்திரி ஆயிட்டார் பாருங்க. கடைசியில 1957 அக்டோபர் 3-ல விவித பாரதி ஆரம்பிச்சு, சினிமாப் பாட்டுக்கு அரசாங்கமே இடம் கொடுக்க வேண்டியதாச்சு. ஆனா அதுக்குள்ள இலங்கை வானொலி நம்ம வீட்டு ஆளா ஆயிடுச்சு.

எனக்கு விவரம் தெரிஞ்சப்போ காலையில 'பொங்கும் பூம்புனல்' இல்லாம பிள்ளையார்பாளையத்துல தறி ஓடாது. மயில்வாகனன் குரலைப் பெரியவங்க சொல்லித்தான் தெரியும். கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் இவங்க எல்லாம் எங்களுக்குச் சொந்தக்காரங்க மாதிரி. முகம் எப்படி இருக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாது. கே.எஸ். ராஜா மாதிரி வேகமாப் பேசிக் காட்டாத பையன் அந்தத் தெருவுலயே கிடையாது. ரேடியோ வெச்சுக்க லைசென்ஸ் வேணும், தபால் ஆபீசுல வருஷா வருஷம் பணம் கட்டணும். எண்பதுகள்லதான் அதை எடுத்தாங்க. அதனால நாலு வீட்டுக்கு ஒரு ரேடியோ. வெச்சிருக்கிறவர் சத்தத்தை நல்லா ஏத்தி வைப்பார். மத்தவங்களுக்கு இலவசம். தெருமுனையில ஒரு பாட்டு ஆரம்பிச்சா, நடந்து அந்தக் கோடிக்குப் போற வரைக்கும் ஒரு வரி விட்டுப் போகாது. ஒரு வீட்டுல பல்லவி, அடுத்த வீட்டுல சரணம், கடைசி வீட்டுல முடிவு.

1976-ல 'அன்னக்கிளி' வந்தப்புறம் இளையராஜா காலம். தறிக்காரங்க சினிமா கொட்டகைக்குப் போறதுக்கு முன்னாடியே பாட்டை எல்லாம் மனப்பாடம் பண்ணிடுவாங்க. படம் பார்க்கப் போறது பாட்டுக்கு யார் வாயசைக்கிறான்னு தெரிஞ்சுக்க மட்டும்தான்.

விவசாயிங்களுக்கும் காது சும்மா இருக்கிற தொழில்தான், அதனால நாங்களும் கூட்டாளி. கிணத்து மேட்டு மோட்டார் கொட்டகையில ஆணியில தொங்குற டிரான்சிஸ்டர் இல்லாம தண்ணி கட்ட முடியாது. எங்களுக்குப் பாட்டோட பாடமும் கிடைச்சது. அறுபதுகள்ல ஆடுதுறை 27 நெல் வந்தப்போ தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயிங்க அதை 'ரேடியோ நெல்'னே கூப்பிட்டாங்க. எப்போ விதைக்கணும், எவ்வளவு உரம் போடணும்னு ரேடியோவுலயே கேட்டுப் பயிர் வெச்சதால அந்தப் பேரு. காதால விளைஞ்ச நெல்லு!

அடுத்து டி.வி. 1975 ஆகஸ்ட் 15-ல மெட்ராஸ் தூர்தர்ஷன் ஆரம்பிச்சது. ஊர்ல முதல் ஆன்டெனா ஏறினப்போ கும்பாபிஷேகம் மாதிரி கூட்டம். அதுவரைக்கும் தறிக்கு எதிரி மழைக்காலம் மட்டும்தான், ஈரத்துல பாவு போட முடியாது. இப்போ புது எதிரி. டி.வி. கண்ணைக் கேட்குது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'ஒளியும் ஒலியும்' போட்டா தறி நிக்கும். 1987 ஜனவரியில இருந்து ஒன்றரை வருஷம் ஞாயித்துக்கிழமை காலையில ராமாயணம். அது இந்தி. 1965-ல இந்தி வேண்டாம்னு கொதிச்ச தமிழ்நாடு, கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்து இந்தி ராமாயணம் பார்த்தது. பாஷை புரியாததால காதை நம்ப முடியாது, கண்ணை எடுக்கவும் முடியாது. அதனால ராமர் வர்ற நேரத்துல ஒரு தறி கூட ஓடாது. ராமாயணம் தமிழ்ல வந்திருந்தா நாலு இழையாவது ஓடியிருக்கும்னு எங்க மாமா, அக்கா வீட்டுக்காரர், இன்னிக்கும் சொல்வார்.

அது உண்மைதான்னு பின்னாடி தெரிஞ்சது. 1993-ல சன் டி.வி. வந்துச்சு. 1999-ல 'சித்தி' தொடர். தறிக்காரங்க டி.வி.யைத் தறிக்கூடத்துக்கே தூக்கிட்டு வந்துட்டாங்க. தலை நிமிராம சீரியல் 'பார்த்தாங்க'. யார் அழுவுறா, யார் சதி பண்றா எல்லாம் குரலை வெச்சே சொல்லிடுவாங்க. பின்னணி இசை மாறினா வில்லி வந்தாச்சுன்னு அர்த்தம். ஒரு தடவை எங்க அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மா, கல்யாணத்துல டி.வி. ஓடும்போது ஒரு நடிகையைக் காட்டி "இந்தப் பொண்ணு யாரும்மா, புதுசா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு வருஷமா தினமும் அந்தப் பொண்ணு குரலைக் கேட்டு அழுதவங்க அவங்க. 2006-ல அரசாங்கம் இலவசமா கலர் டி.வி. கொடுக்க ஆரம்பிச்சப்புறம் ரேடியோ பரணுக்குப் போச்சு.

அப்புறம் போன். 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா கம்பெனி உற்பத்தியை ஆரம்பிச்சது. நாங்க பாட்டுக் கேட்ட பட்டன் போன் எங்க பக்கத்துலயே தயாராச்சு. எங்க பொண்ணுங்களே பஸ் ஏறிப் போய் அதைச் செஞ்சுட்டு வந்தாங்க. 2014 நவம்பர்ல அந்தக் கம்பெனி மூடிட்டாங்க, அது வேற கதை. போன் வந்ததுல ஒண்ணு மாறிப்போச்சு. இப்போ தறிக்கூடத்துல நாலு பேர் இருந்தா நாலு பேர் காதுலயும் ஒயர். ஒருத்தர் பழைய பாட்டு, ஒருத்தர் அரசியல் விவாதம், ஒருத்தர் ஆன்மிகம், இன்னொருத்தர் கிரிக்கெட். தெருவுல நடந்து போனா பாட்டு கேட்காது. முன்ன ஒரு பாட்டை ஒரு தெருவே கேட்டது, சண்டை போடவும் ரசிக்கவும் பொதுவா ஒண்ணு இருந்தது.

ஒயர் போட்டாவது கேட்கிறதுக்கு ஆள் இருந்தாச் சரி. ஆளே குறைஞ்சுக்கிட்டு வருது. விடியக்காலம் நாலு மணிக்கு எங்க ஊர் முக்குல நின்னு பாருங்க. வரிசையா கம்பெனி பஸ். ஏறுறதுல விவசாயி வீட்டுப் பிள்ளையும் உண்டு, நெசவாளி வீட்டுப் பிள்ளையும் உண்டு. நான் குறை சொல்ல மாட்டேன். மாசம் பிறந்தா சம்பளம், பி.எஃப்., ரெண்டு வேளைச் சாப்பாடு. குழியில உட்கார்ந்து முதுகு வளைஞ்ச அப்பன், பிள்ளையை அதே குழியில இறக்குவானா? கூலி வாங்கச் சங்கத்துலயும் முதலாளிகிட்டயும் நாள் கணக்கா நின்னவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும். பல வீட்டுல தறிக்குழியைச் சிமென்ட் போட்டு மூடி, மேல டைல்ஸ் ஒட்டி, சோபா போட்டாச்சு. உட்காரும்போது கீழ குழி இருந்ததுன்னு கூடத் தெரியாது.

எங்க அக்கா பையன் இப்போ ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில மிஷின்ல நிக்கிறான். போன பொங்கலுக்கு வந்தப்போ கேட்டேன்.

"ஏண்டா, மிஷின் முன்னாடி எட்டு மணி நேரம் நிக்கிறியே, பாட்டு கீட்டு கேட்பியா?"

"நீ வேற மாமா. போனை கேட்டுலயே வாங்கி வெச்சுக்குவாங்க."

"அப்போ காது சும்மாதானே இருக்கு?"

"சும்மா எங்க இருக்கு? மிஷின் சத்தத்துல செவிடாயிடும்னு காதுல அடைப்பான் கொடுப்பாங்க. ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டுத்தான் நிக்கணும்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு வரலை. நாயனா பிள்ளை பாட்டு, அண்ணா பேச்சு, இலங்கை வானொலின்னு தலைமுறை தலைமுறையாத் தீனி போட்டு வளர்த்த காது அது. காதுக்கு நல்லதுன்னுதான் அடைக்கிறாங்க, அதுல தப்பே இல்லை. ஆனா இந்த ஊர்ல பாட்டுக்காரங்களும் பேச்சுக்காரங்களும் வந்ததுக்குக் காரணம், கேட்கிறதுக்குன்னு பல ஆயிரம் காது நாள் முழுக்கத் திறந்து கிடந்ததுதான்னு நான் நம்புறேன். பட்டு நூல் கர்நாடகாவுல இருந்து வந்துடும், ஜரிகை சூரத்துல இருந்து வந்துடும். நல்லாக் கேட்கிற காதை எந்த ஊர்ல இருந்து கொண்டு வர்றது?

எங்க மாமாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. இன்னும் ஒரு தறி ஓட்டுறார். காதுல ஒயர் மாட்டிக்க மாட்டார். ஒரு ஸ்பீக்கர் பெட்டி வெச்சிருக்கார், பேரப்பசங்க பழைய பாட்டா ஏத்திக் கொடுத்தது. கரன்ட் போனா பெட்டி நின்னுடும். கைத்தறிக்குக் கரன்ட் வேணாமே, தறி ஓடிக்கிட்டே இருக்கும். பாட்டு எந்த இடத்துல நின்னுச்சோ அந்த இடத்துல இருந்து மாமா பாட ஆரம்பிச்சுடுவார். சுருதி சுமார்தான், தாளம் மட்டும் தப்பவே தப்பாது.

கல்யாணத்துக்குப் புடவை எடுக்க காஞ்சிபுரம் வர்றவங்க காந்தி ரோட்டுக் கடையோட திரும்பிடாதீங்க. பத்து நிமிஷம் ஒதுக்கி பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. ஜன்னல் வழியா தறிச் சத்தம் கேட்டா நின்னு கேளுங்க. உள்ள இருக்கிறவர்கிட்ட "அண்ணே, என்ன பாட்டு ஓடுது?"ன்னு கேட்டுப் பாருங்க. புடவையைப் பத்தி ஒரு நிமிஷம் பேசுறவர், பாட்டைப் பத்தி அரை மணி நேரம் பேசுவார். கை மட்டும் நிக்காது.